சுவருக்குள் ஓர் அமானிதம்: குழாய் மூட்டுகளின் வரலாறு

தக்கலையை அடுத்த எங்கள் ஜமாஅத் பள்ளிவாசலில், உளூச் செய்யும் இடத்தின் பின்சுவர் மழைக்காலம் முடிந்து பல மாதங்களாகியும் உலரவில்லை. சுண்ணாம்புப் பூச்சில் உப்புப் பூத்தது. இஷாவுக்குப் பிறகு நிரப்பிய மேல்தொட்டி, சுபுஹுத் தொழுகைக்கு வரும்போது கால்பங்கு இறங்கியிருந்தது. இறுதியில் சுவரை உடைத்தோம். ஒரே வரிசையில் இரண்டு மூட்டுகள் இருந்தன. ஒன்று, பள்ளிக்கு முதன்முதலாக இரும்புக் குழாய் போட்ட நாளில், நம் பாட்டனார் காலத்தில் செய்தது. மற்றது, சில ஆண்டுகளுக்கு முன் குழாய் மாற்றியபோது செய்தது. கசிந்தது புதியது. பழையது எலும்புபோல் உலர்ந்திருந்தது.

அந்தப் பழைய மூட்டைக் கழற்றியபோது மரைகளுக்கிடையே சணல் நாரும், கல்லாய் இறுகிப்போன சிவப்புப் பசையும் தென்பட்டன. அக்காலத்தவர் கைவேலையைக் கண்டு நாங்கள் வியந்து நின்றோம். வேலைக்கு வந்திருந்த முதியவர் அந்தச் சிவப்பைச் சுட்டி, அது ஈயம் என்றார். வியப்பு அந்த இடத்திலேயே அடங்கிவிட்டது. நீரைச் சொட்டாமல் காத்த மூட்டு, அதே நீரில் நஞ்சைத் தொடவிட்டு நின்றிருக்கிறது. ஒரு மூட்டு நல்ல மூட்டா என்று கேட்க ஒரு கேள்வி போதாது, இரண்டு வேண்டும் என்பதை அன்று உணர்ந்தோம்: அது கசியாமல் நிற்கிறதா? அது தொடும் நீரைத் தூய்மையாக விடுகிறதா? இவ்விரு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு, குழாய் மூட்டின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

ஹவுளிலிருந்து குழாய்க்கு

நாஞ்சில் நாடு நீரால் அமைந்த நாடு. பழையாறும் கோதையாறும், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும், குளங்களும், வீட்டுக்கொரு கிணறுமாக வாழ்ந்த மண் இது. திருவிதாங்கோடு, கோட்டாறு, இடலாக்குடி, தக்கலை, தேங்காப்பட்டணம், குளச்சல் என எங்கெல்லாம் நம் முன்னோர் பள்ளி எழுப்பினரோ, அங்கெல்லாம் நீருக்கும் இடம் வகுத்தனர். படியிறங்கி உளூச் செய்யும் ஹவுள், கிணற்றடி, கல்தொட்டி ஆகியவையே அன்றைய ஏற்பாடு. அவற்றில் மூட்டு என்ற ஒன்று இல்லை. மூட்டு இல்லாத இடத்தில் மூட்டுக் கசிவும் இல்லை.

குழாய் வந்தபோதுதான் மூட்டும் வந்தது. எகிப்திய அரபியில் தண்ணீர்க் குழாயின் திருகுக்கு ‘ஹனஃபிய்யா’ என்றே பெயர். ஹனஃபி மத்ஹபோடு பிணைந்த சொல் அது. தேங்கிய சிறிதளவு நீரில் கைவிட்டு உளூச் செய்வதைக் காட்டிலும், தொட்டியின் அடியில் திருகு பொருத்தி ஓடும் நீராகப் பெறுவதை அம்மத்ஹபின் அறிஞர்கள் விரும்பியதால் அப்பெயர் வழங்கலாயிற்று என்று சொல்லப்படுகிறது. வணக்கத்தின் தேவையொன்று ஒரு கருவிக்குப் பெயர் சூட்டிய அழகிய சான்று இது.

நம் பகுதி 1949 வரை திருவிதாங்கூரின் பகுதியாகவும், பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாகவும் இருந்தது. அந்நாட்டின் தலைநகரான திருவனந்தபுரத்துக்கு அருவிக்கரையிலிருந்து குழாய்நீர் கொண்டுவந்த வெலிங்டன் நீர்நிலையம் 1933-இல் திறக்கப்பட்டது. சென்னைக்குக் கீழ்ப்பாக்கம் நீர்நிலையம் 1914-இலேயே வந்துவிட்டது. நாகர்கோவில் நகரம் முக்கடல் அணையின் நீரைக் குழாய்வழிப் பருகத் தொடங்கியது. கிணற்றடிக்கும் அடுக்களைக்கும் இடையே இருந்த தூரம் குறைந்தது. பெண்களின் இடுப்புக் குடம் இறங்கியது. அதே வேளையில், முன்பு இல்லாத மூட்டுகள் நூறு நூறாக வீட்டுச் சுவர்களுக்குள் புகுந்தன.

நாரும் எண்ணெயும்

இரு பொருள்களை எவ்வளவு நெருக்கி வைத்தாலும் இடையில் ஓர் இடைவெளி எஞ்சும். நீர் அதைக் கண்டுபிடித்துவிடும். எனவே மூட்டைக் காப்பது இறுக்கும் வலிமை மட்டுமன்று. இடைவெளியை நிரப்பும் பொருளுமாகும். இதை மனிதன் மிக முன்பே அறிந்திருந்தான். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், சுட்ட மண்குழாய்களின் மூட்டுகளை எண்ணெயில் பிசைந்த சுண்ணாம்பால் பூசச் சொல்கிறார்.

நம் கடற்கரையும் இந்த அறிவைப் பெற்றிருந்தது. அரபு வணிகர்களும் நம் மரக்காயர்களும் ஓட்டிய கலங்களில் ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்தவை பல. தேங்காய் நாரில் திரித்த கயிற்றால் இந்தியாவிலும் யமனிலும் கப்பல்கள் தைக்கப்பட்டதை 14-ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். பலகைகளின் சந்துகளில் நாரைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசிக் கடல்நீரைத் தடுத்தனர். நார் நனைந்தால் பருக்கும். பருத்தால் சந்து இறுகும். நீரைக் கொண்டே நீரைத் தடுக்கும் இந்த நுட்பம்தான், பிற்காலத்தில் நம் வீட்டுக் குழாயின் மரையில் சுற்றிய சணலாக வந்து சேர்ந்தது.

அல்-ஜஸரியின் தூள்

நாரும் பசையும் இல்லாமல், உலோகத்தோடு உலோகம் பொருந்தியே நீரைத் தடுக்க முடியாதா? இக்கேள்விக்கு விடை தேடியோருள் முன்னணியில் நிற்பவர்கள் இஸ்லாமிய உலகின் கைவினை அறிஞர்கள். 9-ஆம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா சகோதரர் மூவர், கூம்பு வடிவ அடைப்பான்களைத் தம் நீர்க்கருவிகளில் கையாண்டனர். 1206-இல் தம் நூலை நிறைவு செய்த அல்-ஜஸரி, இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் நகரில் அர்துக்கிய மன்னர்களிடம் பணியாற்றியவர். உளூச் செய்ய நீர் வார்க்கும் பொறிகளையும் அவர் அந்நூலில் விவரித்துள்ளார்.

அவர் பதிவு செய்த செய்முறைகளுள் ஒன்று, நம் பேசுபொருளுக்கு நேரே வருகிறது. அடைப்பானின் முளையையும் அது அமரும் குழியையும் இடையில் எமரித் தூளிட்டு ஒன்றோடொன்று தேய்க்க வேண்டும். மேடு பள்ளங்கள் தேய்ந்து நீர் புகாமல் பொருந்தும்வரை தேய்க்க வேண்டும் என்பதே அது. எமரியின் முதன்மைக் கூறு குருந்தம். உலகெங்கும் அறிவியலார் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே நம் தமிழின் குருந்தத்திலிருந்து சென்றதுதான். இக்காலத்தில் இயந்திர வால்வுகளை அமர்த்தும் தொழிலாளியும் தூளிட்டுத் தேய்க்கும் அதே வழியையே பின்பற்றுகிறார்.

அல்-ஜஸரியின் முறையில் மறைந்திருக்கும் பாடம் பொறுமை. அவசரக்காரரிடம் அந்த அடைப்பான் பொருந்தாது.

துப்பாக்கிக் குழலும் மரையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் நிலக்கரி வாயுவை வீடுகளுக்குக் கொண்டுசெல்லக் குழாய் தேவைப்பட்டது. போருக்குப் பின் மிஞ்சிய துப்பாக்கிக் குழல்களை மரையிட்டு ஒன்றோடொன்று திருகிப் பயன்படுத்தினர் என்று சொல்லப்படுகிறது. ஆங்கிலத் தொழிலாளர் வழக்கில் குழாய்க்குப் ‘பேரல்’ என்ற பெயர் நிலைத்தது. இன்றும் நாகர்கோவில் ஹார்ட்வேர் கடையில் நாம் ‘பேரல் நிப்பிள்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அச்சொல்லில் துப்பாக்கிக் குழலின் வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1825-இல் கார்னிலியஸ் வைட்ஹவுஸ் இரும்புத் தகட்டை வளைத்துப் பற்றவைத்துக் குழாயாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின் குழாய் மலிந்தது.

ஆயினும் ஒரு பட்டறையின் மரை இன்னொரு பட்டறையின் மரையோடு சேரவில்லை. இதற்கு முடிவு கட்டியவர் ஜோசப் விட்வொர்த். எல்லா மரைகளுக்கும் 55 பாகைக் கோணமும் வரையறுத்த எண்ணிக்கையும் வேண்டும் என்று 1841-இல் அவர் முன்மொழிந்தார். அந்த மரபில் வந்ததே நாம் இன்றும் கையாளும் குழாய் மரை. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 554 அதை வகுத்துரைக்கிறது. அரை அங்குலக் குழாயில் ஓர் அங்குல நீளத்துக்கு 14 மரைகள். ஆண் மரை 16-க்கு 1 என்ற விகிதத்தில் நுனிநோக்கிச் சாய்ந்து ஒடுங்கும். அதனால் திருகத் திருக ஆப்பு ஏறுவதுபோல் இறுகும்.

இவ்வளவு இறுகியும் ஏன் கசிகிறது? மரை என்பது திருகுப் படிக்கட்டு. ஆண் மரையின் முகட்டுக்கும் பெண் மரையின் பள்ளத்துக்கும் இடையில் மெல்லிய சுருள்வழி ஒன்று தொடக்கம் முதல் இறுதிவரை திறந்தே இருக்கும். நீர் அதில் சுற்றிச் சுற்றி வெளியேறும். ஆகவே அந்தச் சுருளைச் சணலால் நிரப்பி, ஆளிவிதை எண்ணெயில் குழைத்த ஈய வெள்ளையையோ ஈயச் செந்தூரத்தையோ பூசினர். எண்ணெய் காற்றில் இறுகித் தோலாகும்; நார் நனைந்து பருக்கும். கப்பல் சந்தில் கண்ட அதே கூட்டணி, எண்ணெயும் நாரும்.

வீதியில் புதைத்த பெரிய வார்ப்பிரும்புக் குழாய்களுக்கும் இதுவே நெறி. ஒரு குழாயின் விரிந்த வாய்க்குள் மற்றொன்றின் நுனியைச் செருகி, இடையில் சணற்புரியைத் திணித்து, உருக்கிய ஈயத்தை ஊற்றி, உளியால் தட்டி இறுக்கினர்.

ஈயத்தின் கணக்கு

இப்போது நம் இரண்டாம் கேள்விக்கு வருவோம். ஈயக்குழாயைவிட மண்குழாய் உடலுக்கு நல்லது என்று விட்ருவியஸே எழுதியிருக்கிறார். ஈய வெள்ளை உடலுக்குத் தீது என்பதும், ஈயம் உருக்குவோர் முகம் வெளுத்துப் போவதும் அவர் கூறும் காரணங்கள். அறிவு 2,000 ஆண்டுகளாக இருந்தது. வசதி அதை மறக்கச் செய்தது. ஈயம் மலிவு, எளிதில் உருகும், எங்கும் வளையும். இந்த மூன்று குணங்களுக்காக உலகம் அதைத் தன் குழாய்களிலும் மூட்டுகளிலும் பசைகளிலும் வைத்துக்கொண்டது.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்று அறியப்படவில்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய நிலைப்பாடு. வளரும் குழந்தையின் மூளையையே அது முதலில் தாக்குகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று நம் நாட்டின் ஐ.எஸ். 10500 வரம்பிடுகிறது. பி.வி.சி. குழாய் செய்யும்போது சேர்க்கும் ஈயத்தைக் கட்டுப்படுத்தவும் 2021-இல் இந்திய அரசு விதிகள் வகுத்தது.

அஞ்சி நடுங்க வேண்டிய செய்தியன்று இது. ஒரு மரை மூட்டில் நீரைத் தொடும் பசை மிகச் சிறிது. ஆனால் பழைய வீடு ஒன்றில் அத்தகைய மூட்டுகள் பல இருக்கும். இரவெல்லாம் நீர் அவற்றில் தேங்கி நிற்கும். பழைய இரும்புக் குழாயுள்ள வீட்டில், காலையில் முதலில் வரும் நீரைச் சமையலுக்கும் குடிப்பதற்கும் எடுக்காமல் செடிக்கு ஊற்றுவது நல்லது. பால்மாவு கரைக்கும் தாய்மார் இதைக் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும். குழாய் மாற்றும் வாய்ப்பு வரும்போது பழைய மூட்டுகளையும் அகற்றிவிட வேண்டும். எங்கள் பள்ளியில் கசியாத அந்த மூட்டையும் அகற்றியது இதனால்தான்.

வெள்ளை நாடா

ஈயப் பசையின் இடத்தைப் பிடித்தது தற்செயலாகக் கிடைத்த ஒரு பொருள். 1938 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட், குளிர்பதன வாயுவைத் தேடும் ஆய்வில் ஒரு சிலிண்டரைத் திறந்தார். வாயு வரவில்லை. அறுத்துப் பார்த்தபோது உள்ளே வழுவழுப்பான வெண்பொடி இருந்தது. அதுவே டெஃப்லான். ஏறக்குறைய எந்த வேதிப்பொருளும் அதைத் தீண்டாது என்பதால், அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனிய வாயுவைக் கொண்டுசெல்லும் குழாய்களின் அடைப்புகளுக்கு அதை முதலில் பயன்படுத்தினர். அழிவின் பட்டறையில் பழகிய அப்பொருள், பின்னர் மெல்லிய நாடாவாகி நம் அடுக்களைக்கு வந்தது. நீரில் கரையாது, நஞ்சு கலக்காது, கைக்கு எளிது.

எளிது என்பதே அதன் ஆபத்தும் ஆயிற்று. சணல் சுற்றக் கற்க மாதங்கள் ஆகும். நாடாவை யாரும் சுற்றிவிடலாம் என்று தோன்றும். எங்கள் புதிய மூட்டு கசிந்ததற்குக் காரணம் நாடா அன்று. திருகு நேராக நிற்கவில்லையென்று, இறுக்கியபின் அதைப் பின்னோக்கித் திருப்பியிருந்தனர். முன்னோக்கி ஏறும்போது மரைக்குள் படிந்த நாடா, பின்னோக்கித் திருப்பினால் பிரிந்து இடைவெளி விடும். அப்படித் திருப்ப நேர்ந்தால் கழற்றி, பழைய நாடாவை அகற்றி, புதிதாகச் சுற்றுவதே முறை. பத்து நிமிடச் சோம்பல், ஒரு சுவரை அழித்தது.

வளைகுடாவிலிருந்து வந்த மூட்டு

1970-களிலிருந்து நம் மாவட்டத்தின் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். குழாய்ப் பணியில் ஈடுபட்டோர் அவர்களுள் பலர். செம்புக் குழாயும், அழுத்த மூட்டும் அவர்கள் கைக்குப் பழகின. அழுத்த மூட்டில் குழாய்க்கு மரை கிடையாது. குழாயின் மேல் ஒரு பித்தளை வளையத்தைச் செருகி, நட்டைத் திருகினால், வளையம் நசுங்கிக் குழாயைக் கவ்வும். நீரைத் தடுப்பது அந்த வளையமே. மரை வெறும் அழுத்தும் கருவி. ஒருவகையில் அல்-ஜஸரியின் கனவு இது: நாரும் பசையும் இன்றி, உலோகத்தோடு உலோகம்.

இந்த வேறுபாட்டை அறியாததால் இன்றும் பிழை நேர்கிறது. அழுத்த மூட்டின் மரையில் நாடா சுற்றுவோர் உண்டு. அங்கே மரை நீரைத் தடுக்கவில்லை. ஆதலால் நாடாவுக்கு வேலையில்லை. ரப்பர் வாஷர் உள்ள இணைப்புக் குழாய்க்கும் அப்படியே. வீதியிலிருந்து வீட்டுக்கு வரும் நீலநிறப் பிளாஸ்டிக் குழாயின் மூட்டிலும் உள்ளே ரப்பர் வளையமே காவல். கசிகிறது என்று மேலும் மேலும் இறுக்கினால் வளையம் சிதையும், பித்தளை நட்டு வெடிக்கும். கையால் இறுக்கியபின் ஸ்பேனரால் ஏறத்தாழ ஒரு சுற்று. பெரும்பாலும் அவ்வளவே போதும்.

வெளிநாட்டிலிருந்து திருகுகளை வாங்கிவரும் சகோதரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க முறை மரைக்கும் அரை அங்குலத்தில் 14 மரைகளே. ஆனால் அதன் கோணம் 60 பாகை. நம் 55 பாகை மரையில் அது சில சுற்றுகள் ஏறும், பொருந்தியதுபோல் தோன்றும், பிறகு சொட்டும். எத்தனை நாடா சுற்றினாலும் அந்த ஐந்து பாகை நிரம்பாது.

சொட்டும் முத்தும்

ஒரு நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்வோம். 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், நாளொன்றின் 86,400 நொடிகளில் 4.3 லிட்டர் நீர் போகும். ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கு மேல். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் உளூச் செய்ததாக அனஸ் (ரலி) வழியாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு என்று கணக்கிடுவோர் உண்டு. அக்கணக்கின்படி, சுவருக்குள் நாம் காணாத ஒரு சொட்டு, ஒவ்வொரு நாளும் ஆறு பேரின் உளூ நீரைக் கொண்டுபோகிறது. இஸ்ராஃபைப் பற்றி மிம்பரில் கேட்டுவிட்டு, அதே பள்ளியின் சுவரில் அதை நாம் நடத்திக்கொண்டிருந்தோம்.

குழாய் மூட்டு மறைவான வேலை. பூச்சு பூசியபின் அதைச் செய்தவரும் படைத்தவனும் மட்டுமே அறிவர். வீட்டுக்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டு நம்பிக்கையோடு கதவைச் சாத்துகிறார். அந்த நம்பிக்கைக்கு நம் மொழியில் அமானிதம் என்று பெயர். செய்வதைச் செம்மையாகச் செய்வதற்கு இத்கான் என்று பெயர். நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இத்தொழிலால் வீட்டைக் காத்தவர்கள். இது தாழ்ந்த தொழில் என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் இருந்தால் அதைக் கைவிடுவோம். அல்-ஜஸரி மன்னரின் அவையில் அமர்ந்து செய்ததும் இதே தொழில்தான்.

வீட்டுக்காரர்களுக்கும் கடமை உண்டு. பூச்சு பூசும் முன் குழாயில் அழுத்தம் ஏற்றி ஓர் இரவு விட்டுப் பாருங்கள், ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள், அவசரப்படுத்தாதீர்கள். எங்கள் பள்ளியில் இம்முறை அப்படியே செய்தோம். மூன்று இரவுகள் சுவர் திறந்தே கிடந்தது. நான்காம் நாள் சுபுஹுக்குச் சென்றபோது மேல்தொட்டி நிரப்பிய அளவிலேயே நின்றது. அல்ஹம்துலில்லாஹ், அதன்பிறகே சுவரை மூடினோம்.